ஜமீலா அக்கா பருப்பைக் கொட்டிய நாள்

புதிய டப்பாக்களின் படங்கள் வரும் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தியும் வந்தது. "அம்மா காலையில மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்று ஜமீலா அக்காவின் மகள் எழுதியிருந்தாள். தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் படித்தேன். சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன்.

பாயான் பாரு வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடியில் அக்காவைத் தெரியாதவர் யார்? அவருக்குக் கடை கிடையாது. யாராவது ஒரு வீட்டுக்காரியைப் பிடித்து, அவள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்களைச் சேர்த்து, அரட்டையோடு பிளாஸ்டிக் டப்பா விற்பார். வீடு கொடுத்தவளுக்கு ஒரு டப்பா இலவசம். "ஆள் கூடினா போதும், டப்பா தானா போயிரும்" என்பார்.

அக்கா என் வீட்டுக்கு முதலில் வந்தது, என் கணவர் வேறொருத்தியோடு ஜொகூருக்குப் போய்விட்ட வருடம். யாரும் என்னைப் பார்த்து இரக்கப்படக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். வேலை பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேரே வீடு, தாழ்ப்பாள். ஏழு மாதம் ஒருவரும் என் வாசலைத் தாண்டவில்லை. ஒருநாள் அக்கா வந்து, சனிக்கிழமை என் வீட்டில் டப்பா பார்ட்டி வைக்கலாமா என்று கேட்டார். இளிச்சவாய் என்று என்னைப் பிடித்துவிட்டார் என எரிச்சலாக இருந்தது. மறுக்கத் தெரியாமல் தலையாட்டினேன். யாருமே வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

ஒன்பது பேர் வந்தார்கள். டப்பாவில் பருப்பை ஊற்றி, மூடி, சொட்டுக்கூட ஒழுகாது என்று தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவது அக்காவின் வழக்கம். சூடு ஆறிய பிறகுதான் மூட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர், அன்று பேச்சு மும்முரத்தில் அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே ஊற்றி மூடிவிட்டார். கவிழ்த்ததும் மூடி எகிறியது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. பருப்பு முழுக்க என் சோபாவில்.

துணி தேடி நாலு பேர் என் சமையலறைக்குள் ஓடினார்கள். அங்கே ஒரே ஒரு தட்டும் ஒரே ஒரு கோப்பையும் கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்தார்கள். சோபாவைத் துடைத்துத் தந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கீழ்வீட்டு லெட்சுமி அக்கா ஒரு டப்பாவில் மீன் சம்பல் கொண்டுவந்தார். வந்த டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருவது நமக்கு வழக்கமில்லையே. கேசரி கிண்டி எடுத்துப்போனேன். இப்படி டப்பாக்கள் மாடி ஏறி இறங்க, என் கதவும் பகலெல்லாம் திறந்து கிடக்க ஆரம்பித்தது.

பல மாதம் கழித்து, சண்டைக்குப் போவதுபோல ஜமீலா அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு என்னைப் பாவம் பார்த்துத்தான் வந்தீர்களா என்று.

"டப்பா விக்கத்தான் வந்தேன் லா. சும்மா வந்து தட்டியிருந்தா நீ திறந்திருப்பியா?"

திறந்திருக்க மாட்டேன். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான்காம் மாடிக்குப் புதிதாக வந்த பெண்ணின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. போவோமா வேண்டாமா என்று ஒரு மாதமாகத் தயங்கியவள், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போய்த் தட்டினேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தத் துணிச்சல் ஒன்றுதான். உள்ளே அரவம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

"டப்பா விக்கிறேன், பாக்கிறீங்களா?" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

தாழ்ப்பாள் விலகியது.