புது முதலாளியின் கையாள்

சம்மட்டி என்றால் அந்தச் சந்தைப் பக்கம் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே சட்டென்று ஞாபகத்துக்கு வராது. சந்தையை ஆட்டிப்படைத்த ஒருவனுக்கு, எல்லோரும் 'அண்ணன்' என்று அழைத்த அந்த மகராசனுக்கு, பன்னிரண்டு வருஷம் கையாளாக இருந்தவன் இவன்.

கையாளுக்கு என்ன வேலை என்கிறீர்களா? அண்ணனை எவனாவது தப்பாகப் பேசினால், பேசிய வாயை உடைக்க வேண்டும். கடையைக் காலி செய்ய மாட்டேன் என்று எவனாவது அடம்பிடித்தால், அவன் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்த வேண்டும். பிறகு அண்ணன் முன்னால் போய்க் கைகட்டி நின்று, "வேலை முடிஞ்சுதுண்ணே" என்று சொல்ல வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் படு சுத்தம். எந்த எலும்பு எத்தனை வாரத்தில் கூடும் என்பது எலும்பு டாக்டரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு தடவை அடித்த அடி கொஞ்சம் கூடிப்போய், மூன்று வருஷம் உள்ளே போட்டார்கள். அந்த மூன்று வருஷத்தில் அண்ணன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் புதன்கிழமை தவறாமல் ஒரு ஒல்லிப்பிச்சான் போதகர் வந்தார். ஆஸ்துமாக்காரர், பாவம். இரண்டு வார்த்தை பேசினால் நாலு தடவை மூச்சை இழுப்பார். "சாப்டியாப்பா? தூக்கம் வருதா?" என்று கேட்பார். அவனை அப்படி யாரும் கேட்டதில்லை. சம்மட்டி கம்பிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டான். பன்னிரண்டு வருஷம் உழைத்தவனைப் பார்க்க ஆள் அனுப்பாதவன் முதலாளியா, தனக்காக ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடாதவனைப் பார்க்க வாராவாரம் ஆள் அனுப்புகிறவர் முதலாளியா? அன்றே முதலாளியை மாற்றிவிட்டான்.

வெளியே வந்ததும் பழைய இரும்புக் கிடங்கில் சேர்ந்து, செத்துப்போன என்ஜின்களைச் சம்மட்டியால் உடைக்கிற வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெண்ட் கிடங்கின் மாடியில், தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்தில், கடைசி வரிசையில் உட்காருவான். அவன் மனைவி ஒரு சலவை நிலையத்தில் நீராவி இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்ப்பவள். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. "உனக்குப் புத்தி வந்தாச் சரிதான். என்னை இழுக்காதே, எனக்கு ஒரு நாள்தான் லீவு" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் போதகரிடம் கேட்டான். "ஐயா, சீடன் சீடன்கிறீங்களே, சீடன்னா யாருங்கய்யா?"

"அவருக்காக எதையும் செய்யத் தயாரா இருக்கிறவன்" என்று ஆரம்பித்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"ஓ! கையாள்!" என்றான் சம்மட்டி.

போதகருக்கு இருமலில் தலை குலுங்கியது. அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். மனிதர் மூச்சு வந்து பேசுவதற்குள் எழுந்து போயும்விட்டான். வந்த வினையெல்லாம் அந்த இருமலால் வந்தது.

அடுத்த மாதம் ஞானஸ்நானம் கொடுப்பதாக நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் டயர்க்கடை வழியாக வந்துகொண்டிருந்தான். டயர்க்கடைக்காரன் வாய்த்துடுக்கு பிடித்தவன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "என்ன சம்மட்டி, சாமியாராயிட்டியாமே! தன்னையே காப்பாத்திக்கத் தெரியாம ஆணியில தொங்கினவரா உன்னைக் காப்பாத்தப் போறாரு?" என்று சிரித்தான்.

முதலாளியைத் தப்பாகப் பேசிய வாய். சம்மட்டிக்கு யோசிக்கக்கூட நேரமாகவில்லை. முதல் குத்தில் தாடை போயிற்று. இரண்டாவதில் முன்பல் இரண்டு தெறித்து பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் விழுந்தன. மூன்றாவது தேவையே இல்லை, பழக்கத்தில் போட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேராக மாடியேறிப் போய்ப் போதகர் முன்னால் கைகட்டி நின்றான்.

"வேலை முடிஞ்சுதுங்கய்யா."

விஷயத்தைக் கேட்டதும் போதகர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு திரும்பக் கால் மணி நேரமாயிற்று. திரும்பியதும் அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டயர்க்கடைக்காரனின் தாடையைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. போலீஸ்காரர் வந்து புகார் கேட்டதற்கு, அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: 'இப்போ வேண்டாம். வாய் திறந்ததும் நானே ஸ்டேஷனுக்கு வந்து என் வாயால் சொல்கிறேன்.'

போதகர் அந்தத் தாளைப் படித்துவிட்டு சம்மட்டியைப் பார்த்தார். "உன் ஞானஸ்நானமும் அந்த வாயிலதான் இருக்கு. அவன் வந்து, இவனுக்குக் குடுங்கன்னு சொன்னாத்தான் குடுப்பேன். அது வரைக்கும் தினமும் அவனுக்குச் சாப்பாடு நீதான் கொண்டுபோகணும். அவன் வீட்டாளுங்க அடிச்சா வாங்கிக்க. கையைத் தூக்கின, அதோட சரி."

"அவரு பேரைக் கெடுத்தவனுக்கு நான் சோறு போடணுமாங்கய்யா?"

"அவரு அதைத்தான் பண்ணாரு."

சம்மட்டிக்குத் தலை சுற்றியது. இப்படியும் ஒரு முதலாளியா! இருந்தாலும் சரி என்று தலையாட்டி வார்த்தை கொடுத்தான். ஆறு வாரம் கழித்து அந்த வாய் திறந்தால், ஒன்று ஜெயில், இல்லையென்றால் ஜெபக்கூடத்து ஞானஸ்நானத் தொட்டி. இரண்டில் எது என்று தெரியாமல் மனிதன் எப்படித் தூங்குவான்?

டயர்க்கடைக்காரனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. கடைக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறையில் தம்பியோடு இருந்தான். முதல் நாள் சூப்புப் பாத்திரத்தோடு போன சம்மட்டியைத் தம்பி டயர் நெம்புகிற இரும்புப் பட்டையால் தோளில் போட்டான். சம்மட்டி அந்த அடியோடு குனிந்து, சிந்தாமல் பாத்திரத்தைக் கீழே வைத்தான். மறுநாள் செருப்பு. அதற்கு மறுநாள் சூடான சூப்பு முகத்தில். வீட்டுக்கு ஓடி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, இன்னொரு பாத்திரம் கொண்டுவந்தான். கை துறுதுறுத்தால் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். அந்தத் தம்பி எலும்பும் தோலுமாக இருந்தவன். ஒரு விரலால் சுண்டினால் சுவரில் போய் ஒட்டிக்கொள்வான். அதுதான் வயிற்றெரிச்சலே.

இதில் ஒரு கூத்து. கம்பி கட்டிய வாய்க்குள் ஸ்ட்ரா போக ஒரே ஒரு வழிதான் இருந்தது, சம்மட்டி உடைத்த பல்லின் சந்து. அதில் ஸ்ட்ராவை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, அவன் உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பான். முதல் வாரம் டயர்க்கடைக்காரன் அவன் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் முறைத்தான். நான்காவது வாரம், 'உப்புக் கம்மி' என்று தாளில் எழுதிக் காட்டினான். அன்றைக்குச் சம்மட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து, "உப்புக் கம்மியாம்டி!" என்று மனைவியைத் தூக்கிச் சுற்றினான். "இறக்கி விடுய்யா, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று அவள் கத்தினாள்.

ஐந்தாவது வாரம் கிடங்கில் ஒரு கியர்ப்பெட்டி நழுவி அவன் பாதத்தில் விழுந்தது. கட்டுப் போட்டுப் படுத்துவிட்டான். சூப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி திட்டிக்கொண்டே அதை இறக்கி மூடினாள். "சாமி உன்னோடது, சண்டை உன்னோடது, நடக்கிறது மட்டும் நானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

போனவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். நெற்றி பிளந்து, சேலை முந்தானை முழுக்க ரத்தம். கையில் கழுவித் துடைத்த காலிப் பாத்திரம்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அந்தத் தம்பிக்காரன் குடிச்சிருந்தான். ஆம்பளை பயந்துபோய்ப் பொம்பளையை அனுப்பிட்டானான்னு பிடிச்சுத் தள்ளினான். இரும்பு ஸ்டாண்டு இடிச்சிருச்சு. நீ படு."

படுக்கவா? சம்மட்டிக்குக் கண்ணில் ரத்தம் ஏறிவிட்டது. கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே ஓடினான். அவள் பின்னாலேயே, "வேணாம்யா, வேணாம்யா!" என்று கத்திக்கொண்டு வந்தாள். எங்கே காதில் விழுகிறது? கடைக்குள் நுழைந்தான். தம்பியின் வலது கையைப் பிடித்தான், மேசை விளிம்பில் வைத்தான், உடம்பு எடை மொத்தத்தையும் அதன்மேல் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. தம்பி அலறினான். உள்ளறையிலிருந்து ஓடிவந்த டயர்க்கடைக்காரன், கட்டிய வாய்க்குள்ளேயே மாடு மாதிரி முனகிக்கொண்டு, சம்மட்டியின் முதுகில் மாறி மாறிக் குத்தினான். சம்மட்டிக்கு அது உறைக்கவே இல்லை. ஐந்து வாரமாக அடக்கிவைத்த கை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

மனைவி வந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி மனுஷா! நான் வாங்கின அடியையும் சேர்த்து வீணாக்கிட்டியேய்யா! ஒரு வார்த்தை பேசாம, கடைக்காரரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்துட்டு வந்தேனே, அது உனக்காகத்தானே!"

சுகம் அதோடு இறங்கிவிட்டது. அவள் தம்பியைத் தோளில் சாய்த்து வண்டியேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நெற்றியில் அவளுக்கும் அங்கேயே ஏழு தையல் போட்டார்கள்.

அன்று போதகரிடம் போனவன் கைகட்டி நிற்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, "கெட்டுப்போச்சுங்கய்யா" என்று குழந்தை மாதிரி அழுதான்.

போதகர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "எந்தக் கை?" என்று கேட்டார்.

"வலதுங்கய்யா."

"அப்ப அவனுக்கும் ஊட்டணும். நாளையிலேர்ந்து ரெண்டு பாத்திரம்."

மறுநாள் இரண்டு பாத்திரத்தோடு போனான். தம்பி அவனைக் கண்டதும் சுவரோடு ஒடுங்கிக்கொண்டு, "கிட்ட வராதே, கிட்ட வராதே" என்று நடுங்கினான். அடித்திருந்தால்கூடச் சம்மட்டி தாங்கியிருப்பான். அந்த நடுக்கத்தைத் தாங்க முடியவில்லை. பாத்திரங்களை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினான். அன்றிலிருந்து உள்ளே போய் இரண்டு பேருக்கும் கொடுத்தவள் அவன் மனைவிதான். அவன் வாசலில் நின்று காலிப் பாத்திரங்களை வாங்கிக்கொண்டான்.

ஆறாவது வாரம் முடிந்த ஞாயிறு. ஜெபக்கூடத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது டயர்க்கடைக்காரனும் தம்பியும் மாடியேறி வந்தார்கள். தம்பிக்குக் கை மாவுக்கட்டில். டயர்க்கடைக்காரனுக்கு வாயில் கம்பி இல்லை. பாட்டு நின்றது. அன்றைக்கென்று கணவனோடு வந்திருந்த மனைவி, அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டயர்க்கடைக்காரனுக்குத் தாடை சரியாக அசையவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் நொண்டிக்கொண்டு வந்தது. "ஸ்டேஷன்ல புகார் சொல்லிட்டுத்தான் வர்றேன். என் வாய்க்கும் சொல்லிட்டேன், தம்பி கைக்கும் சொல்லிட்டேன். கீழ ஜீப் நிக்குது."

போதகர் தலையசைத்தார். "இங்க என்ன சொல்றீங்க?"

"சம்மட்டிக்கு ஞானஸ்நானம் குடுக்கலாமான்னா, எனக்குத் தெரியாதுங்க. ஒரு நாள் ஊட்டுறான், ஒரு நாள் ஒடிக்கிறான்." விரலை நீட்டிச் சம்மட்டியின் மனைவியைக் காட்டினான். "உங்க ஆளு யாருன்னு கேட்டீங்கன்னா, அந்தம்மாதான். மண்டை உடைஞ்சு ரத்தம் ஒழுகுது, ஸ்ட்ராவைப் பிடிச்ச கை ஆடல. அவங்களுக்குக் குடுங்க."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. "ஐயோ, நான் இந்தக் கூடத்துக்கு வர்றதே இன்னைக்குத்தான். சூப்பு ஆறிடுமேன்னு போனேன். எனக்கு என்னங்க தெரியும்?"

சம்மட்டிக்குச் சுருக்கென்றது. பொறாமைதான், வேறென்ன? வருஷக்கணக்காக முதலாளி முதலாளி என்று அவன் சுற்றிவர, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காத இவள் தட்டிக்கொண்டு போய்விட்டாளே! அவளை ஏறிட்டுப் பார்த்தான். நெற்றித் தையல் இன்னும் சிவந்திருந்தது. பொறாமை அப்படியே கரைந்து, தாங்க முடியாத அளவுக்குப் பெருமையாக இருந்தது.

படியேறி வந்த போலீஸ்காரர் பழைய பழக்கத்தில் முதலில் சம்மட்டியின் கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகுதான் வா என்றார். சம்மட்டி எழுந்து நடந்தான். தம்பியைத் தாண்டும்போது, அவன் மிரளாதபடி மூன்றடி தள்ளியே போனான்.

படியில் நின்று திரும்பினான். "அந்தத் தம்பிக்குக் கை எலும்பு கூடுறதுக்கு இன்னும் நாலு வாரமாவது ஆகும். நீ போவியா?"

"நான் போறேன்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ உள்ள போய் எவனையும் அடிக்காம இருப்பியா? அதைச் சொல்லு."

கூடம் முழுக்க அவன் பதிலுக்குக் காத்திருந்தது. இருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அந்த இடத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"பார்க்கிறேன்டி" என்றான்.