மெதுவாகப் போன பஸ்

அந்தக் கால்பந்து அணியின் மேனேஜரைப் பையன்கள் லைட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அறை அறையாகக் கதவைத் தட்டி, "லைட்டை அணைச்சிட்டுப் படுங்கப்பா" என்று அவர்கள் உயிரை வாங்குவாள். அதனால் வந்த பெயர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஷிப்ட் போடும் வேலை பார்த்தவள். தூக்கம் கெட்ட நர்சின் கை எப்படித் தடுமாறும் என்று வருஷக்கணக்காகப் பார்த்தவளுக்கு, உலகத்தில் பாதிக் கஷ்டம் சரியாகத் தூங்காததால்தான் வருகிறது என்று தோன்றிவிட்டது. மீதிப் பாதி முதலாளிகளால் வருகிறது என்பதைக் கால்பந்துக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டாள்.

முதலாளி கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருப்பவர், ஆட்டத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். செலவு என்று வந்தால் மட்டும் காது கேட்காது. வெளியூர் ஆட்டம் என்றால் அன்றைக்கு விடியற்காலையில்தான் பையன்களை பஸ்ஸில் ஏற்றுவார். மதியம் கால் மரத்துப்போய் இறங்குகிறவர்கள் சாயந்திரம் எப்படி ஓடுவார்கள்? சொந்த மைதானத்தில் ஜெயிப்பதும் வெளியூரில் உதை வாங்கித் திரும்புவதுமாக அணி லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. இந்த வருஷமும் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் அணியையே கலைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பையன்கள், கோச், சமையல்காரர், லைட் அக்கா என்று அத்தனை பேர் பிழைப்பும் அதில் அடங்கியிருந்தது.

முதல் நாளே கிளம்பலாம் என்று அவள் நடையாய் நடந்து கேட்டாள்.

"விளையாடத்தாம்மா சம்பளம் குடுக்கறேன். தூங்கறதுக்கில்ல" என்று முதலாளி வாயை அடைத்துவிட்டார்.

நேர்வழி மூடிவிட்டது. சரி, சுற்றுவழி எதற்கு இருக்கிறது? ஊரெல்லாம் விசாரித்து, இருப்பதிலேயே கிழட்டு பஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். மேடு வந்தால் இருமும், இறக்கம் வந்தால் பெருமூச்சு விடும். பக்கத்தில் போகிற சைக்கிள்காரன் டிரைவரிடம் நலம் விசாரித்துவிட்டு முந்திக்கொண்டு போவான்.

"வாடகை ரொம்பக் கம்மி சார். ஆனா மெதுவாத்தான் போகும். முதல் நாளே கிளம்பணும்" என்றாள். கம்மி என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாடகையில் மிச்சமானதை லாட்ஜுக்குக் கொடுத்து, பையன்களை இழுத்துப் போர்த்தித் தூங்கவைத்தாள்.

அடுத்த வெளியூர் ஆட்டத்தில் அணி ஜெயித்தது. அதற்கடுத்ததிலும் ஜெயித்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாம்மா! எல்லாம் இந்த பஸ்ஸோட ராசி!"

அன்று பிடித்தது சனியன். யார் எந்த ஸீட்டில் உட்கார்ந்து போய் ஜெயித்தார்களோ அங்கேயேதான் உட்கார வேண்டும். வலது பக்கக் கண்ணாடியில் விரிசல், அதை மாற்றக்கூடாது. பின் கதவு திறக்காது, அதையும் அப்படியே விடவேண்டும். கோல்கீப்பர் ஒருநாள் ஜன்னல் ஓரத்துக்கு ஆசைப்பட்டு இடம் மாறி உட்கார்ந்ததற்கு, முதலாளி பஸ்ஸையே நிறுத்தி அவனைப் பழைய இடத்துக்கு விரட்டினார்.

லைட் அக்காவின் கணவனுக்கு முடிவெட்டும் கடை. ஊர்ப்பேச்சு முழுக்கச் சாயந்திரம் அவனோடு வீட்டுக்கு வந்துவிடும்.

"கடையில எல்லாரும் பஸ்ஸப் பத்தித்தான் பேசறாங்க. அந்த பஸ்ஸ ஒரு தடவை தொட்டுப் பாக்கணுமாம் ஒருத்தருக்கு."

"என்னைப் பத்தி யாராவது பேசினாங்களா?"

"பேசினாங்களே. அந்தம்மா குடுத்துவச்சவங்க, நல்ல பஸ்ஸா அமைஞ்சிருக்குன்னாங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை ஓரமாக வைத்தாள். அவளுக்கு மனசு வலித்தது. மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தவள் அவள், பெயர் தட்டிக்கொண்டு போனது ஒரு ஓட்டை பஸ். கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலியை நிறுத்தி, மிச்ச வெங்காயத்தை உரித்துக் கொடுத்தான்.

கடைசி ஆட்டம் வந்தது. வெளியூர். தோற்றால் கீழ் டிவிஷன், அதோடு அணியும் இல்லை. சமன் செய்தால் தப்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி அவளையும் டிரைவரையும் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டனுப்பினார். சுடச்சுட பிஸ்கட் வாசனை நிறைந்த அறையில் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"நம்ம பஸ்ஸுக்கு ஒரு பரிசு குடுத்திருக்கேன். பஸ் சொந்தக்காரர்கிட்டச் சொல்லிட்டு, பழைய இன்ஜினத் தூக்கிட்டுப் புதுசு போட்டாச்சு! நம்ம லாரி மெக்கானிக்குங்க பண்ணினது. ராசியும் இருக்கு, இனிமே வேகமும் இருக்கும். ஆட்டத்தன்னிக்குக் காலையிலேயே கிளம்பிடலாம்!"

பாவி மனுஷன், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தாராளமாகச் செலவு செய்திருக்கிறார், அதையும் இதற்குத்தானா செய்யவேண்டும்! இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். பஸ் மெதுவாகப் போகும் என்றுதான் பிடித்தேன், ஜெயித்தது தூக்கத்தால், ராசியால் இல்லை என்றாள்.

முதலாளி அடிபட்ட குழந்தை மாதிரிப் பார்த்தார்.

"தூக்கமா? நான்கூடத்தான் தினமும் மத்தியானம் தூங்கறேன். எனக்குக் கப்பு குடுக்கறாங்களா? வாயில்லாத பஸ்ஸப் போய்க் குறை சொல்றியேம்மா!"

அவ்வளவு நேரம் மூலையில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்த டிரைவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"முதலாளி, புது இன்ஜின ஆரம்பத்துலயே அடிச்சு ஓட்டக்கூடாது. மெதுவாப் பழக்கணும். இல்லேன்னா வழியிலேயே ஜாமாகி நின்னுடும்."

"எவ்வளவு மெதுவா?"

"முன்ன போன மாதிரியேதான்."

"அப்படின்னா முதல் நாளே கிளம்பணுமே!"

"கிளம்பித்தான் ஆகணும். அப்புறம் ராசி கெட்டுப்போச்சுன்னு என்னைச் சொல்லக்கூடாது."

முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். முதல் நாளே கிளம்பினார்கள்.

ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. முடியப்போகிற சமயத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் புகுந்து உதைத்தான். கோல்கீப்பர் தப்பான பக்கம் பாய்ந்துவிட்டான். லைட் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பந்து கம்பத்தில் இடித்துத் திரும்பி, மறுபடி அதே ஆளின் காலுக்கே போனது. கீழே கிடந்த கோல்கீப்பர் எப்படி எழுந்தானோ, எழுந்து இன்னொரு தடவை பாய்ந்து பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருண்டான். ஆட்டம் சமன். அணி பிழைத்தது.

முதலாளி ஓடிப்போய் பஸ்ஸின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு அவளிடம் வந்து, "பஸ்ஸையும் மாத்தாதே, நீயும் எங்கேயும் போகாதே. அடுத்த வருஷமும் இதே ஜோடிதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. "இப்பவாவது ஒத்துக்கறியா, ராசின்னு ஒண்ணு இருக்கு?"

அவள் பொய் சொல்லப் பழகாதவள். விழுந்தவனை மறுபடி எழுப்பியது நல்ல தூக்கம்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பந்து கம்பத்தில் பட்டதை யார் ஏற்பாடு செய்தது? அவள் செய்யவில்லை. புது இன்ஜினை மெதுவாக ஓட்டவேண்டும் என்று ஒரு விதி சரியான நேரத்தில் வந்து வாய்த்ததே, அதையும் அவள் திட்டம் போடவில்லை.

"இருக்கு சார்" என்றாள். சொன்னபிறகு மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் காலை ஊர் திரும்பும்போது டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இதமாக இருந்தது. பின்னால் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். பஸ் பழைய வேகத்திலேயே உருண்டது.

"அண்ணே, இன்ஜின் பழகறதுக்கு இன்னும் எத்தனை நாள் ஆகும்? அடுத்த சீசன்ல நான் என்ன சொல்லிச் சமாளிக்கறது?"

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் காட்டினார். அதில் தூங்குகிற பையன்கள் வரிசையாகத் தெரிந்தார்கள்.

"இதை எல்லாப் பயணத்துலயும் பாத்துட்டுத்தானே ஓட்டறேன் தங்கச்சி. ஜெயிச்சது எதனாலன்னு எனக்குத் தெரியாதா? நேத்து முந்தாநாளா கண்டுபிடிச்சேன்?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்படின்னா அந்த இன்ஜின் விஷயம்?"

"அது நெஜம்தான். ஆரம்பத்துல மெதுவா ஓட்டணும்" என்றார் டிரைவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆரம்பம் எப்ப முடியும்னு நான் சொன்னேனா?"