ரஜாயில் ஒரு கைலித் துண்டு

குமணன்சாவடியில் இறங்கி ஜஹானாரா வீடு எது என்று கேட்டால், "எந்த ஜஹானாரா? ஏசி பாய் சம்சாரமா, ரஜாய்க்காரம்மாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். புருஷன் ஹாஜா மொய்தீன் வீடு வீடாகப் போய் ஏசி மாட்டுகிறவர். அந்த ஏசியில் நடுங்குகிறவர்களுக்குப் பஞ்சு வைத்து ரஜாய் தைத்துக் கொடுக்கிறவள் ஜஹானாரா. பூந்தமல்லி வெயிலில் எவனுக்கு வேண்டும் இந்தக் கனத்த போர்வை என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள்தான், இன்றைக்கு ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள். கேட்டால் வசதியாம். நமக்கென்ன, வசதியாகவே இருக்கட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். கம்பெனியை மூடியபோது பழைய பவர் மிஷின் ஒன்றை வாங்கிவந்து முன்னறையில் போட்டாள். அன்றிலிருந்து அந்த அறையில் விருந்தாளி உட்கார இடம் கிடையாது. பழைய சேலை, சட்டை, குழந்தைக் கவுன் என்று எதைக் கொடுத்தாலும் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போடுவாள். கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு, மேலே ஒட்டுத்துணி என்று தரையில் விரித்து ஊக்கு குத்துவாள். பிறகு அந்தக் கனத்தைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மிஷின் கழுத்துக்குள் திணித்து, நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்துக் கொடி கொடியாகத் தையல் ஓட்டுவாள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் துணி தொப்பை போட்டுவிடும். "மொதல்ல நடுவுல அடக்கணும், ஓரம் தானா அடங்கும்" என்பாள். புருஷனையும் ஏறக்குறைய இந்த முறையில்தான் வைத்திருந்தாள்.

அவள் ரஜாய் போகாத சொந்தக்காரர் வீடு இல்லை. பிள்ளை பிறந்தால் ரஜாய், புது வீடு கட்டினால் ரஜாய். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்ட நாத்தனாருக்குக்கூட ஒன்று போயிற்று. நாத்தனார் பேசவில்லை, ஆனால் போர்த்திக்கொண்டாள். சிநேகிதிகள் வழியாக ஃப்ளாட்டுக்காரர்களுக்குத் தெரிந்து, அவர்கள் வழியாக ஆவடி வரைக்கும் வாடிக்கை பிடித்துவிட்டது.

அவளுடைய ரஜாய் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய கைலித் துண்டு ஒன்று இருக்கும். நல்ல நல்ல பட்டும் பூப்போட்ட வாயிலும் பளபளக்கிற இடத்தில், அந்த ஒரு சதுரம் மட்டும் வெளுத்துப்போய் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும். குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறோமே, அந்தக் கணக்குதான். அழகான பொருளை அப்படியே வெளியே அனுப்பினால் கண்ணூறு பட்டுவிடும் என்பது ஜஹானாராவின் கட்சி. அதற்குப் புதுத்துணி ஆகாது, கட்டிப் பழகிய துணியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட துணி வீட்டில் கைக்கெட்டிய தூரத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்போது, வேறு எங்கே போய்த் தேடுவாள்?

ஹாஜா மொய்தீனின் கைலி மாதம் ஒன்று காணாமல் போகும்.

"காத்துல பறந்திருக்குங்க" என்பாள்.

"அது இன்னா காத்து? என் கைலிய மட்டும் தூக்கிகினு போவுது, உன் பொடவைய தொடவே மாட்டேங்குது?" என்பார். அதோடு சரி. வாயில்லாப் பூச்சி, வேறொரு கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

அயப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் ஏசி ஒழுகியது. அங்கேதான் வினை பிடித்தது. பிரசன்னா, நிஷா என்று கோயம்புத்தூர் ஜோடி, இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. ரிப்பேருக்கு வந்த பாய், ரஜாய் தைத்த அக்காவின் புருஷன் என்பது அவர்களுக்குத் தெரியாது. பாய் ஏணியில் நின்றபடி கட்டிலைப் பார்த்திருக்கிறார். கட்டிலில் ரஜாய். ரஜாய் மூலையில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு, அதன் நடுவில் வெல்டிங் பொறி பட்டுப் பொசுங்கிய ஓட்டை. அந்தப் பொறி கைலியோடு நிற்கவில்லை, அவர் தொடையையும் சுட்டிருந்தது. சூடு பட்டவனுக்கு அடையாளம் மறக்குமா?

"இது இன்னா துணிம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறாள்: "அதுங்களா பாய், திருஷ்டித் துணிங்க. அக்கா எல்லாத்துலயும் வெப்பாங்களாமுங்க. யாரு கண்ணுமே படாத ஒரு ஆளோட துணியா இருந்தாத்தான் பலிக்குமாமா. அப்படி ஒரு ஆள எங்க தேடிப் புடிச்சாங்களோ, பாவம்."

பாய் ஏணியிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வந்தார். ஒழுகிய ஏசி அப்படியே ஒழுகிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கேட்டார்: "நான் யாரு கண்ணும் படாத ஆளா?"

ஜஹானாரா மிஷினை நிறுத்தினாள். அவள் சொன்னதுதான், இல்லையென்று எப்படிச் சொல்வது? "கஸ்டமர் கேட்டா எதுனா சொல்லணும்லங்க. சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன்."

"பேச்சுக்கா? அம்பத்தூர்லருந்து ஆவடி வரிக்கும் எவன் எவன் மூஞ்சி மேலயோ என் கைலிய போத்தி வுட்டுகீறே. இனிமே எந்த ஊட்டு பெட்ரூம்ல ஏணி போட்டாலும், மூலைல குந்திகினு என் கைலி என்ன பாத்து சிரிக்கும்."

அவள் சிரித்திருக்கக் கூடாது. என்ன செய்வது, அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சிரி, நல்லா சிரி. இனிமே இந்த ஊட்ல கைலி கட்னா என் பேரு ஹாஜா மொய்தீன் இல்ல."

சொன்னதோடு நிற்கவில்லை மனிதர். இருந்த கைலிகளையெல்லாம் வாரிக்கொண்டுபோய், தன் ஏசிப் பட்டறையில் கம்ப்ரெசர் துடைக்கப் போட்டுவிட்டார். கடைக்குப் போய் டிராக் பேண்ட் வாங்கி வந்தார். சித்திரை வெயிலில், வீட்டுக்குள், அந்த வழுவழுப்புத் துணிக்குள் கால் இரண்டும் வேக, சொறிந்துகொண்டே நடமாடினார். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனவன் கதைதான், ஆனால் அதை யார் அவரிடம் சொல்வது?

ஜஹானாராவுக்கோ இதில் வேறொரு சிக்கல். மகள் இஃபத்துக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை ராஷித்துக்கு பெங்களூரில் வேலை. இதுவரை தைத்தவையெல்லாம் ஏசிக் குளிருக்குப் போனவை, இது ஒன்றுதான் நிஜக் குளிருக்குப் போகிறது. இஃபத்தின் பால்குடிக் கவுன், பள்ளிக்கூடச் சீருடை, பெருநாள் பாவாடை, தன் கல்யாணச் சேலையில் ஒரு முந்தானைத் துண்டு என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்துத் தைத்து முடித்துவிட்டாள். மூலையில் ஒரு சதுரம் மட்டும் காலியாக நின்றது. ஊரார் ரஜாய்க்கெல்லாம் காவல் வைத்துவிட்டு, பெற்ற பெண்ணோடு போகிறதைக் காவல் இல்லாமல் அனுப்புவதா? அந்தத் துண்டு வைக்காமல் அந்த ரஜாய் வாசல் தாண்டாது என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஆனால் புருஷனிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை.

"அத்தாகிட்ட ஒரு சாரி சொல்லிடும்மா" என்றாள் இஃபத்.

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்?"

"யாரு கண்ணும் படாத ஆளுன்னு சொன்னல்ல?"

"அவர பாத்து யாருடி கண்ணு வெக்கப் போறாங்க?"

"இதாம்மா தப்பு" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள் மகள்.

நாள் நெருங்க நெருங்க ஜஹானாராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் எதிர்வீட்டு பால்ராஜ் வீட்டில் போய் நின்றாள். பால்ராஜ் நல்ல மனுஷர், எதற்கு என்றுகூடக் கேட்காமல் பழைய லுங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நீலத்தில் வெள்ளைக் கோடு. அவள் அதைத் தேய்த்து மேஜைமேல் விரித்து, கத்தரியைக் கையில் எடுத்த நேரம், ஹாஜா மொய்தீன் தண்ணீர் குடிக்க வந்தார்.

"இது யாருது?"

"எதுத்த ஊட்டு பால்ராஜ் அண்ணனுது."

டம்ளரை மேஜைமேல் வைத்த வேகத்தில் தண்ணீர் அவர் டிராக் பேண்டிலேயே கொட்டியது. "பால்ராஜ் லுங்கியா? என் பொண்ணு போத்திக்கிற ரஜாய்லயா?"

"நீங்கதான் தர மாட்டேன்னுட்டீங்க. கண்ணு படாத ஆளுக்கு நான் வேற எங்க போவேன்?"

"அவனா கண்ணு படாத ஆளு? மீசைய பாத்தியா அவன் மீசைய! நடந்து போனா தெருவே திரும்பிப் பாக்குது. கண்ணு படாத ஆளுன்னா இந்த ஏரியாவுலயே நான் ஒர்த்தன்தான்! என்ன வுட்டா எவன்..."

பாதியில் நின்றார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. உள்ளே இஃபத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. ஜஹானாரா இந்தத் தடவை சிரிக்கவில்லை, கத்தரியைக் கீழே வைத்தாள்.

"பொண்ண அனுப்புறது நானு" என்றார் அவர், குரல் இறங்கி. "பால்ராஜ் இல்ல."

"அப்ப நீங்களே குடுங்க. நானா வேணாம்னேன்?"

கொடுக்கலாம்தான், ஆனால் கைலி எங்கே இருக்கிறது? ஓடிப்போய்ப் பட்டறையைப் பார்த்தால், எல்லாம் ஆயிலில் ஊறிக் கருப்பாய்க் கிடந்தது. பீரோவில் மிச்சமிருந்தது, பெருநாளுக்கு மச்சான் கொடுத்த ஒரே ஒரு புதுக் கைலி, கவர் பிரிக்காதது.

"புதுசு ஆவாதுங்க" என்றாள் ஜஹானாரா. "கட்டிப் பழகினதா இருக்கணும்."

"கட்டிப் பழகிட்டா போச்சு" என்று அந்த இடத்திலேயே டிராக் பேண்டைத் துறந்தார் ஹாஜா மொய்தீன்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டே மொட்டை மாடியில் ஏசிப் பெட்டிக்கடியில் புரண்டு வேலை பார்த்தார். கட்டிக்கொண்டே தூங்கினார். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் தேய்த்தார். தானே சோப்புப் போட்டுக் கல்லில் அடித்தார், வெயிலில் காயவைத்தார், காய்ந்ததும் திரும்ப நனைத்து அடித்தார். "இன்னா பாய், எந்நேரமும் தொவச்சிகினே கீறீங்க, அக்கா ஊர்ல இல்லியா?" என்று பால்ராஜ் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஒரு வேலை கீது, நீ போயா" என்று கடுகடுத்தார் பாய். கைலியோ மசியவில்லை. சாயம் போகாது என்று அட்டையில் போட்டிருந்தார்கள், போட்டிருந்தவர்கள் நாசமாய்ப் போக, அது அநியாயத்துக்கு உண்மையாக இருந்தது.

நிக்காஹுக்கு முந்தின நாள், மதியம் லுஹர் தொழுகை முடிந்து வந்தவர், மடித்த கைலியை மிஷின்மேல் வைத்தார்.

"பழசாயிடுச்சா பாரு."

ஜஹானாரா ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்தாள். சிவப்பும் கருப்பும் கட்டம் கட்டமாகக் கடையில் இருந்த மெருகோடு மின்னியது. மடிப்பில் மொரமொரப்புக்கூடப் போகவில்லை. வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் ஆகாது என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். அவரைப் பார்த்தாள். சோப்பில் ஊறி உள்ளங்கை உரிந்திருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இந்த மனுஷனையா ஒருத்தர் கண்ணும் படாத ஆள் என்று ஊர் பூராவும் சொல்லித் திரிந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"நல்லா பழசாயிடுச்சுங்க."

"நல்லா பாத்து சொல்லு. பொண்ணு விசயம்."

"பாத்துட்டேன். போதும்."

கத்தரியை எடுத்து வழக்கமான உள்ளங்கை அளவுக்கு வைத்தாள்.

"பெரிசா வெட்டு" என்றார்.

"பெரிசா வெச்சா கண்ண உறுத்துங்க."

"உறுத்தட்டும். அங்க போத்திக்கிறப்போ அவ கைக்குப் படணும்ல."

பெரிதாகவே வெட்டினாள். காலிச் சதுரத்தில் அது அடங்கவில்லை. பக்கத்திலிருந்த தன் கல்யாணச் சேலைத் துண்டையும் மூடும்படி விரித்து ஊக்கு குத்தினாள். சுருட்டிய ரஜாய் கனத்தால் மேஜையிலிருந்து சரிந்தது. ஹாஜா மொய்தீன் குனிந்து மறுமுனையைத் தூக்கி, ரெண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. மிஷின் ஓடத் தொடங்கியது. ஊசி கைலியின் ஓரத்தைத் தொட்டதும் பதறிவிட்டார்.

"மெதுவா, ஜஹான், மெதுவா. கிழிச்சிடப் போறே."

கொடியில் காய்ந்த அவர் கைலிகளை இத்தனை காலமும் கேள்வி முறையில்லாமல் கிழித்துத் தீர்த்தவள், பெடலில் வைத்த காலை லேசாக்கினாள்.