ராத்தாவின் நெசவு முடிச்சு

நாளை பள்ளிக்கூடக் கண்காட்சி. நான் செய்த இரட்டைச் சிறகு விமானம் இன்றைக்கே என் மானத்தை வாங்கிவிட்டது.

வால் சிறகை அசைக்கும் நூல்களை விமானி பிடிக்கும் குச்சியோடு கட்ட என் தடித்த விரல்கள் நுழையவில்லை. தறி நெய்கிற என் அக்கா, ராத்தாவைக் கெஞ்சினேன். அவள் நெசவு முடிச்சுப் போட்டு, மிச்ச நூலையும் ஒட்ட நறுக்கிவிட்டாள்.

குச்சியைப் பின்னால் இழுத்தேன். மேலே எழ வேண்டிய சிறகு கீழே தொங்கியது. மேல் நூலையும் கீழ் நூலையும் மாற்றிக் கொடுத்தவன் நான்தான்.

“ராத்தா, அவுத்துத் தாவன்!”

“அவுக்கிறதுக்காடா நெசவு முடிச்சுப் போடுறது? அது அவுந்தா இடுப்புல கட்டுற சாரனே பிரிஞ்சிரும்!”

வெட்டி எடுக்கலாமென்றால், நூல் ஓடும் உடம்பை நேற்றே பசை போட்டு மூடிவிட்டேன்; புது நூல் கோக்க வழியில்லை.

நாளை எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் சேரின் கை அந்தக் குச்சிப் பக்கம் போகாமலிருக்க வழி சொல்லுங்கள். ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைக்க மட்டும் சொல்லாதீர்கள். அதை வாசித்துவிட்டுத்தான் அவர் தொடுவார்.