சாக்ஸ் நாற்றம் என்றுதான் நினைத்திருந்தேன்

அன்பானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

எனக்கு ஊர் கண்டமங்கலம் பக்கம். விமானப் பணிப்பெண்ணாகப் பத்து வருடம் பறந்தவள். போன தவக்காலத்தில் என் கை நடுங்க ஆரம்பித்தது. டீ ஊற்றினால் கப்புக்கு வெளியே போகும். தினமும் சொல்கிற அறிவிப்பு பாதியில் மறந்து போகும். டாக்டர் மனக்கவலை என்று மாத்திரை கொடுத்தார். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

லீவு போட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். செபமாலை சொன்னால்கூட நடுவில் தடுமாறியது. "மாதாவே, குணமாக்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு என்ன வியாதி என்றாவது காட்டும்மா" என்று அழுதேன்.

மறுநாள் காலை அண்ணி என் சீருடையைத் துவைக்க எடுத்தார். எங்கள் அண்ணி லேசுப்பட்டவர் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைக்கு அவரே டிராக்டர் ஓட்டுவார், ரிப்பேரும் அவரே பார்ப்பார்.

"இன்னா பாப்பா, துணி இப்படி நாறுது?"

"யாராவது ஷூவைக் கழட்டியிருப்பாங்க அண்ணி. எஞ்சின் போட்டாலே அந்த சாக்ஸ் நாத்தம் வரும். அது தெரியாம இருக்க நாங்க காப்பித்தூள் பொட்டலத்தைத் தொங்கவிட்டுடுவோம்."

அண்ணி மறுபடி முகர்ந்து பார்த்தார். "ஷூ கழட்டுறதுக்கும் எஞ்சின் போடுறதுக்கும் இன்னா சம்பந்தம்? நம்ம டிராக்டர்ல சீல் போயி ஆயில் கருகிச்சே, அதே நாத்தம்டி! இத்தையா மூச்சு இழுத்துக்கினு வேலைக்குப் போய்க்கினு இருந்தே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விமானத்துக்குள் நாம் சுவாசிக்கும் காற்று எஞ்சின் வழியாக வருகிறது, அங்கே ஆயில் கசிந்தால் அந்தப் புகையும் கலந்து வரும் என்று பயிற்சியிலேயே படித்தவள் நான். படித்து என்ன பயன்? புகார் கொடுக்காமல் வாசனைக்கு வழி பார்த்தேன். தலைவலி என்று சொன்ன பயணிகளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணியே என்னை வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் பொறுமையாகக் கேட்டு, ஆயில் புகை கலந்த அந்தக் காற்று என் நடுக்கத்துக்கும் மறதிக்கும் காரணமாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்து எங்கள் விமான நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சோதித்தபோது, நான் அதிகம் போன விமானத்தில் ஆயில் கசிவு இருந்தது. அதை நிறுத்திச் சரிசெய்தார்கள். எனக்குத் தரையில் வேலை கொடுத்தார்கள்.

முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சில வார்த்தை இன்னும் மறக்கிறது. ஆனால் நடுக்கம் குறைந்துவிட்டது, பயம் போய்விட்டது. வானத்திலிருந்து சம்மனசு, தேவதூதர், இறங்கி வரும் என்று பார்த்திருந்தேன். ஆண்டவர் எங்கள் அண்ணியை அனுப்பினார். இப்படி ஒரு அண்ணியைக் கொடுத்ததற்கே அவருக்கு ஆயிரம் தோத்திரம்!

உடம்பு நோவை யாரும் நம்பாமல் அழுகிறவர்களே, அவரிடம் கேளுங்கள். நானே என்னை நம்பாத நாளில் அவர் என்னை நம்பினார்.