ஒரு முழம் பிலிம்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. தக்காளிக் கூடை ஏற்றுவதற்காக வண்டி மார்க்கெட் எதிரில் நின்றுவிட்டது. அந்தப் பெண் சின்ன பாட்டில் ஒன்றைத் திறந்து நகத்துக்குச் சாயம் பூச ஆரம்பித்தாள். புருஷன் விரல் விரலாகப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஆட்டாதீங்க, அப்புறம் கை பூரா ஆயிரும்" என்று அவனை அதட்டினாள். பஸ் முழுக்கத் தக்காளி வாசனை. அதைத் துளைத்துக்கொண்டு அந்தச் சாயத்தின் நெடி வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். சரியான சிடுமூஞ்சி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பிலிம் ஒட்டும் பசைக்கும் அதே நெடிதான்.

வாலிப வயதில் நான் அரூரில் அரசாங்கப் படம் காட்டும் ஆபரேட்டர். ஒரு ஜீப், ஒரு ஜெனரேட்டர், பதினாறு எம்.எம். புரொஜெக்டர், திரைக்கு ஒரு வேட்டி. மலேரியா, கிணற்றுக்கு மருந்து, கம்பு விதை என்று ஊர் ஊராகக் காட்டுவோம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தே வளர்ந்ததால், ஒரு மனு எழுதினால் எதுவும் நடந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒருமுறை பட்டணத்துக் கிடங்கிலிருந்து வந்த பெட்டியில், யாரோ தவறுதலாக வைத்துவிட்ட சின்ன ரீல் ஒன்று இருந்தது. சித்தேரியில் ஓட்டினேன். பேச்சில்லை, நடிப்பவர் இல்லை. ஒரு கோடு நெளிந்து கோழியாயிற்று, கோழி குடையாயிற்று, குடைக்கு உள்ளே மழை பெய்தது. மூன்றே நிமிஷம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஏங்க, ஆளே இல்லாம ஆட்டங் காட்டறீங்களே, உள்ள யாரு குந்திருக்கறாங்க?" என்றார். "இன்னொருக்கா வுடுங்க சாமி" என்றார்கள் பெண்கள். மலேரியாக் கொசுவை அன்று யாரும் சட்டை செய்யவில்லை.

மறுநாள் அந்த ரீலோடு சின்னராஜ் கடைக்கு ஓடினேன். கடைவீதியில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர், என் வயதுதான். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆபரேட்டரே, இங்க பாருங்க, வெரல் ரேகை."

ஒரு கட்டத்தின் மூலையில் யாருடைய விரலோ பட்ட தடம்.

"கேமரா கீமரா ஒண்ணுங் கெடையாது. ஒரே ஆளு குந்திக்கிட்டு, பிலிம் மேலயே பேனாவுல வரஞ்சிருக்கான்."

எந்த நாட்டுக்காரனோ தெரியாது. அந்த ரேகையைப் பார்த்த பிறகு எங்களுக்கு அவன் பக்கத்துக் கடைக்காரன் போல ஆகிவிட்டான்.

சாமான் சேர்த்தோம். கழித்துப்போட்ட பேசாப்பட பிலிம், இரண்டு ஓரமும் துளை உள்ளது. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறினால் மேலே இருக்கும் படம் வழுக்கிக்கொண்டு உரிந்து, பிலிம் கண்ணாடி போல ஆகிவிடும். ஒரு பலகை, நகராதபடி துளையில் மாட்ட இரண்டு கிராமபோன் ஊசி, அடியில் பல்பு, மெல்லிய நிப்பு, கறுப்பு மை. ஒவ்வொரு கட்டமும் சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு நொடிக்கு இருபத்துநான்கு கட்டம். நான் வரைந்த குருவி சுவரில் கரப்பான்பூச்சியாக ஓடியது. அதோடு பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீங்க என்னா வரையப் போறீங்க?" என்று கேட்டேன்.

"செல்விய" என்றார்.

செல்வி அவருடைய ஒரே மகள். முந்தின ஐப்பசியில் இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. ஒரு போட்டோ கிடையாது. பொங்கலுக்குப் புதுத்துணி தைத்து எடுக்கலாம் என்று இருந்தார்கள். வளர்கிற பிள்ளை என்று பெரிதாகத் தைத்த பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அவள் கடைக்கு ஓடிவருவதை நானும் பார்த்திருக்கிறேன். அதைத்தான் வரைந்தார். கடை ஓய்ந்த நேரங்களில், ஏழு மாதம். மொத்தம் நாற்பது நொடி.

சுவரில் ஓட்டிப் பார்த்தோம். அவளேதான். ஓடி வந்து நின்று மூச்சு வாங்குவதுகூட.

அவர் மனைவி கோவிந்தம்மா பார்க்க மறுத்துவிட்டார். "போன புள்ளைய ஓட வுட்டுப் பாக்கறீங்களா ரெண்டு பேரும்? நல்லாருக்குது ஒங்க வெளையாட்டு."

சின்னராஜ் வற்புறுத்தவில்லை. நான்தான் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட கை அரூரில் கடிகாரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கலாமா? பட்டணத்துக் கிடங்கு அதிகாரிக்கு ஆறு பக்கம் மனு எழுதினேன். 'இணைப்பு: படச்சுருள் ஒன்று.'

"காப்பி எடுத்துக்கிட்டு அனுப்பலாங்களே" என்று சின்னராஜ் தயங்கினார். பிலிம் மேலேயே வரைந்ததற்கு நெகட்டிவ் ஏது? இருந்தது அந்த ஒன்றுதான்.

"அவங்களே எடுத்துக் குடுப்பாங்க. கவர்மெண்டுங்க, காணாமப் போவுமா?" என்றேன்.

பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று, இரண்டு, மூன்று. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கோவிந்தம்மா கடைக்கு வந்தார். "அண்ணா, அந்தப் படத்தப் போடுங்க, பாத்துக்கறேன். மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்குதுங்கண்ணா."

நான் தரையைப் பார்த்தேன். "வந்துரும் புள்ள, பட்டணம் போயிருக்குது" என்றார் சின்னராஜ், ஊருக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

வந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் புதிதாக வந்த மலேரியாப் படத்தை ஓட்டினேன். தலைப்பு வருவதற்கு முன், வெள்ளைத் திரையில் ஒரு பாவாடை படபடத்து மறைந்தது. புரொஜெக்டரை நிறுத்திவிட்டேன். மாட்டுவதற்கு வசதியாகப் படத்தின் நுனியில் வெற்று பிலிம் ஒட்டுவது வழக்கம். கிடங்கில் யாரோ சின்னராஜின் ரீலை வெற்று பிலிம் என்று எண்ணி அதற்காக நறுக்கியிருக்கிறார்கள். மீதி எந்தெந்தப் படத்தின் நுனியில், எந்தெந்த ஊரில் ஓடிற்றோ. என்னிடம் வந்து சேர்ந்ததைப் பூ அளப்பது போல முழங்கையில் வைத்து அளந்தேன். ஒரு முழம். இரண்டரை நொடி.

அரசாங்கச் சொத்தை வெட்டி எடுத்தேன். மறுநாள் நண்பகலில் புரொஜெக்டரைக் கடைக்குக் கொண்டுபோய், கதவுப் பலகைகளைச் சாத்தி, அந்த முழத்தோடு வெற்று பிலிமைச் சேர்த்து வளையமாக ஒட்டினேன். வளையம் என்றால் நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும். கோவிந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். செல்வி ஓடிவந்தாள், மறைந்தாள், மறுபடியும் ஓடிவந்தாள்.

மை தேய்வதை நான்தான் முதலில் கண்டேன். "நிறுத்திர்றேங்க, அழியுது."

"ஓடட்டுங்கண்ணா. பொட்டியில பூட்டி வெச்சி என்னா பண்றது? வெளையாடட்டும்."

சின்னராஜைப் பார்த்தேன். தலையசைத்தார். முதலில் முகம் போயிற்று. பிறகு முடி, கை. பாதங்கள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடின. அப்புறம் சுவரில் வெறும் வெளிச்சம்.

கோவிந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னார்: "எல்லாம் அவளேதான். பாவாடயத்தான் சோத்துக் கையில புடிக்க வுட்டுட்டீங்க. பீச்சாங்கையிலல்ல புடிப்பா? மறந்துட்டீங்களா?"

பாவாடை பிடித்த கையை அவர் இடது கையாகத்தான் வரைந்திருந்தார். அவசரத்தில் நான் பிலிமைப் புறம் மாற்றி ஒட்டிவிட்டேன். இரண்டு ஓரமும் துளை இருந்ததால் அதுவும் தடையில்லாமல் ஓடி, கண்ணாடியில் தெரிவது போல இடத்தை வலமாகக் காட்டிவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். சின்னராஜ் என் தோளை அழுத்தினார். சரியான பக்கம் திருப்பி ஓட்ட இனிமேல் படம் ஏது?

"ஆமா புள்ள, மறந்து போச்சி" என்றார்.

அடுத்த வருஷம் அவர்கள் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார்கள். விலாசம் தெரியாது. கடை இருந்த இடத்தில் இப்போது உரம் விற்கிறார்கள். ஜீப் ஏலத்தில் போயிற்று. நானும் வேறு ஆபீசுக்கு மாறி தர்மபுரிக்கு வந்துவிட்டேன். கோவிந்தம்மா ஏதோ ஓர் ஊரில், பெற்ற மகள் எந்தக் கையால் பாவாடை பிடிப்பாள் என்பதையே மறந்துபோன மனுஷன் என்று நினைத்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார். சின்னராஜ் மறக்கவேயில்லை. கிட்டத்தட்ட ஆயிரம் கட்டத்திலும் இடது கைதான் இருந்தது. அதைக் காட்ட இன்றைக்கு என்னிடம் ஒரு கட்டம்கூட மீதியில்லை.