வேலியோரம் போட்ட சத்தம்

போன வாரம் சான் ஹோசேயைக் காலி செய்துவிட்டு டெக்ஸாஸ் வந்து சேர்ந்தோம். என் கணவர் சேகர் வேலை பார்த்த சின்ன கம்பெனியை மூடிவிட்டார்கள். டாலஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் வேறு வேலை கிடைத்தது. வேலை இல்லையென்றால் விசாவும் போய்விடும் என்ற கவலை இருக்கும்போது ஊர் பிடிக்கிறதா என்றெல்லாம் யோசிக்க முடியுமா? சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, நாங்கள் காரில் கிளம்பினோம்.

பின் சீட்டில் எங்கள் ஒன்பது வயது மகள் நித்யா. கிளம்பியதிலிருந்து வாயே திறக்கவில்லை. ஸ்கூல், சிநேகிதிகள், நீச்சல் டீம்... எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம் என்ற கோபம்.

நானும்தான் ஞாயிறு தமிழ் வகுப்பில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தேன். சொல்லவில்லை. வேலை போன மனிதரிடம் போய் எதைச் சொல்வது?

மூன்றாம் நாள் டெக்ஸாஸ் எல்லையைத் தாண்டினோம். ப்ரெய்ரி என்கிற பெரும் புல்வெளி! இதைப் பார்த்தால் மனசு விசாலமாகும், எல்லாம் தெளிவாகும் என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கோ கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. புல். வானம். மறுபடி புல். கார் நகர்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"ஸ்டாப் த கார்" என்றாள் நித்யா.

"பாத்ரூமா கண்ணா? இதோ, அடுத்த எக்ஸிட்" என்றார் சேகர்.

"நோ. ஜஸ்ட் ஸ்டாப்."

ஃப்ரீவேயை விட்டு இறங்கி, ஒரு வேலியோரம் நிறுத்தினார். இறங்கினாள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்! வார்த்தையே இல்லை, வெறும் சத்தம்.

"நித்யா, ஷ்ஷ்..." என்று ஓடினேன். பழக்கதோஷம். மாடி அபார்ட்மென்ட்டில் பிள்ளை வளர்த்தவள் இல்லையா? மெதுவா நட, கீழே ஆள் இருக்காங்க — இதைச் சொல்லாத நாளே கிடையாது. இங்கே யார் இருக்கிறார்கள்? தூரத்தில் ஒரு மாடு நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் மேயப் போய்விட்டது.

"ஐ டோன்ட் வான்ட் டு கோ!"

"எனக்கும் வேண்டாம்!"

யார் கத்தியது? நான்தான்! அவ்வளவு பெரிய குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று இன்னும் புரியவில்லை.

சேகர் கார் கதவைப் பிடித்தபடி நின்றார். "உமா... நீதானே போலாம்னு சொன்னே?"

"சொன்னேன். நீங்க தூங்காம உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டு வேற என்னங்க சொல்றது?"

அவர் மெல்ல வேலிக்கு வந்தார். மீட்டிங்கில் பேசப்போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"எனக்கும்தான்!"

பாதியில் குரல் உடைந்துவிட்டது. நித்யா அவரையே பார்த்தாள். அப்பா இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் எதில் சேர்வது, சிரிப்பிலா அழுகையிலா? இரண்டும் கலந்து ஏதோ வந்தது.

காரில் ஏறியதும் நித்யா கேட்டாள், தமிழில்: "அப்போ நாம ஏன் போறோம்?"

நல்ல கேள்வி. நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"வேலை அங்கதாம்மா இருக்கு" என்றார் கடைசியில். "ஒரு வருஷம் பார்ப்போம். ஆனா பிடிக்கலைன்னா யாரும் மனசுக்குள்ள வெச்சுக்கக் கூடாது. சரியா?"

"ஓகே. அங்க ஸ்விம்மிங் பூல் இருக்கா?"

தெரியாது என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அதற்கும் சிரித்தாள்.

அந்தப் புல்வெளி எனக்கு என்ன கொடுத்தது? தெளிவு என்று சொன்னால் பொய். வந்தது சரியா தப்பா, தெரியவில்லை. முன்னே ஆளுக்கொரு குழப்பத்தை ஒளித்து வைத்திருந்தோம்... இப்போது வீட்டுக்கே சேர்த்து ஒன்றுதான். பராமரிப்பது சுலபம்!